தூதர்களும் விடுதலையும்: 16 தாளில் ஒரு தபால்தலைத் தொகுப்பு, முழுமையான வழிகாட்டி

இந்தத் தலைப்பில் நான் முதலில் செய்த தொகுப்பு ஒரு முகக் குவியல். தூதர் என்று யார் சொன்னாலும் வாங்கினேன், வாங்கிய வரிசையிலேயே ஒட்டினேன். எட்டு மாதம் கழித்து அதைப் புரட்டிப் பார்த்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர், "இவங்களுக்குள்ள என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பாதிக்கு மேல் கழற்றிவிட்டு, மறுபடி ஆரம்பித்தேன்.

அதன் பிறகு இதே தலைப்பில் இறங்கிய பலருக்கு உதவியிருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், ஆனால் வரிசை மாறிச் செய்தார்கள். அதனால் கீழே உள்ள படிகளைத் தாண்டிக் குதிக்காமல் எண் வரிசையிலேயே செய்யுங்கள். முடிவில் கையில் இருக்கப்போவது ஏ4 அளவில் 16 தாள். கண்காட்சிகளில் தாள்களை மாட்டி வைக்கும் ஒரு சட்டகம் என்பது அவ்வளவுதான்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

தட்டையான முனை கொண்ட சாமணம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பல் அளவி, தபால்தலைகளைச் செருகி வைக்கும் ஏடான ஒரு ஸ்டாக் புக், கோடு போட்ட ஒரு நோட்டு. இவ்வளவு போதும். விரல் ஈரமும் எண்ணெயும் பசையில் தடம் விடும், அந்தத் தடம் அழியாது. அதனால்தான் சாமணம். பல் அளவி எதற்கு என்றால், ஒரே படம், ஒரே விலை, ஒரே நிறத்தில் இரண்டு அச்சு வந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓரத்துத் துளைகளின் நெருக்கத்தில் மட்டும் தெரியும்.

ஸ்டாக் புக் வாங்கும்போது பிவிசி பிளாஸ்டிக் இல்லாததாகப் பாருங்கள். பிவிசி நாளடைவில் கசிந்து மையைக் கெடுக்கும்.

தபால்தலைகளை எண் கொடுத்துப் பட்டியலிடும் கேட்லாக் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட், ஸ்டான்லி கிப்பன்ஸ், மிஷேல் மூன்றும் நல்லவை. ஆனால் ஒரே தபால்தலைக்கு மூன்றும் மூன்று எண் கொடுக்கும். புதியவர்கள் நோட்டில் வெறும் எண்ணை எழுதிவைப்பார்கள். ஆறு மாதம் கழித்து அது எந்தக் கேட்லாக்கின் எண் என்று அவர்களுக்கே தெரியாது. ஏற்கெனவே வைத்திருப்பதையே திரும்ப வாங்குவது இப்படித்தான்.

2. தலைப்பை விடுங்கள், கேள்வியை எழுதுங்கள்

"தூதர்கள்" என்பதோ "விடுதலை" என்பதோ தலைப்பே ஆகாது. இரண்டும் கடல். ஒரு கேள்வி இருந்தால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் கேள்வி இது: ஒரு நாடு "நாங்கள் விடுதலை அடைந்துவிட்டோம்" என்று அறிவித்த நாளுக்கும், உலகம் "சரி, ஒப்புக்கொள்கிறோம்" என்று சொன்ன நாளுக்கும் இடையில் என்ன நடந்தது? தூதர்கள் வேலை பார்த்தது அந்த இடைவெளியில்தான். தபால்தலைகளும் அதே இடைவெளியில் பிறந்தன. புது நாடு தன் பெயரை அச்சிட்டு ஒரு கடிதத்தை அயல்நாட்டுக்கு அனுப்பி, அதை அந்த நாடு மறுக்காமல் பட்டுவாடா செய்கிறது என்றால், அதுவும் ஒரு சின்னத் தூதுதானே.

ஒரே ஒரு நாட்டை எடுங்கள். இந்த வழிகாட்டியில் நான் பால்டிக் கடலோர நாடான லாட்வியாவைக் கையில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கதை சுருக்கமாகவும் முழுமையாகவும் இருக்கிறது. 1918 நவம்பர் 18 அன்று விடுதலை அறிவிப்பு. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 18 அன்று முதல் தபால்தலை. 1920 ஆகஸ்ட் 11 அன்று சோவியத் ரஷ்யாவுடன் அமைதி உடன்படிக்கை. 1921 ஜனவரி 26 அன்று, முதல் உலகப் போரில் வென்ற நேச நாடுகளின் உச்ச மன்றம் பாரிசில் முழு அங்கீகாரம் கொடுத்தது. அதற்காக அலைந்தவர் முதல் வெளியுறவு அமைச்சர் ஜிக்ஃப்ரீட்ஸ் அன்னா மெயரோவிட்ஸ். 1925-இல் கார் விபத்தில் இறந்தார். 1929-இல் அவர் நினைவாகத் தபால்தலை வந்தது. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் அதிலேயே இருக்கிறது.

இந்த அளவுக்குச் சுருக்குவதற்குக் காரணம் எளிய கணக்கு. தாளுக்கு நான்கு பொருள் என்றால்கூட, திட்டத்துக்கு ஒரு தாள் போக மீதி 15 தாளுக்கு அறுபதைத் தாண்டாது. உலகத் தூதர்கள் அனைவரையும் அறுபது இடத்தில் அடைத்தால் ஒருவரைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது.

3. தேதிகளைப் பிரித்து எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இந்த இடத்தில்தான். எனவே கொஞ்சம் நின்று போவோம்.

விடுதலை நினைவுத் தபால்தலை ஒன்றில் குறைந்தது மூன்று தேதிகள் ஒளிந்திருக்கும்: விடுதலை நடந்த நாள், தபால்தலை மேல் அச்சிட்டிருக்கும் நாள், அது விற்பனைக்கு வந்த நாள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்தியாவின் முதல் விடுதலைத் தபால்தலையைப் பாருங்கள். மூன்றரை அணா, மூவர்ணக்கொடி, "ஜெய் ஹிந்த்" என்ற முழக்கம், கூடவே 15 ஆகஸ்ட் 1947 என்ற தேதி. அது வெளிவந்ததோ 1947 நவம்பர் 21-இல். சிங்கத் தூண் உள்ள ஒன்றரை அணாவும் விமானம் உள்ள 12 அணாவும் டிசம்பர் 15-இல் வந்தன. அவற்றிலும் அதே ஆகஸ்ட் தேதிதான். "விடுதலை நாளில் வெளியான தபால்தலை" என்று தாளில் எழுதிவிட்டு, யாராவது சுட்டிக்காட்டும்போது விழித்தவர்கள் நிறையப் பேர்.

பாகிஸ்தான் இன்னும் சுவாரசியம். 1948 ஜூலை 9-இல் வந்த நான்கு விடுதலைத் தபால்தலைகளிலும் 15 ஆகஸ்ட் 1947 என்றுதான் இருக்கிறது. ஆனால் அங்கே விடுதலை நாள் கொண்டாடப்படுவது ஆகஸ்ட் 14. இதை அச்சுப்பிழை என்று நினைத்து அதிக விலைக்கு வாங்க வேண்டாம். எல்லாப் பிரதிகளும் அப்படித்தான்.

எனவே நோட்டில் ஐந்து பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: நடந்த நாள், தபால்தலையில் உள்ள நாள், வெளியான நாள், அங்கீகாரம் கிடைத்த நாள், நினைவு கொண்டாடிய நாள். இந்த அட்டவணையை நிரப்பினாலே தொகுப்பின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். மூன்றாவது பத்திக்கும் நான்காவது பத்திக்கும் நடுவில் எத்தனை மாதம் இருக்கிறது என்று பாருங்கள், கதையின் சூடு அங்கேதான். லாட்வியாவுக்கு அது இரண்டு ஆண்டும் ஒரு மாதமும்.

4. திட்டத் தாளை வாங்குவதற்கு முன்பே எழுதுங்கள்

16 தாளில் முதல் தாள் திட்டத்துக்கு. பெரும்பாலானோர் இதைக் கடைசியில், கையில் இருப்பதற்கு ஏற்ப எழுதுகிறார்கள். அப்படி எழுதிய திட்டம் பட்டியல்போல இருக்கும், கதைபோல இருக்காது.

தபால்தலைச் சேகரிப்பாளர்களின் அனைத்துலகக் கூட்டமைப்பின் விதிப்படி கருப்பொருள் தொகுப்புகளுக்கான 100 மதிப்பெண்ணில் தலைப்புக்கும் திட்டத்துக்கும் மட்டும் 15. திட்டத்தை வளர்த்தெடுப்பதற்கு இன்னொரு 15. அழகாக ஒட்டி வைப்பதற்கு வெறும் 5. நம் ஆட்கள் மாதக்கணக்கில் செலவிடுவதோ அந்த 5-க்கு!

லாட்வியா கதைக்கு நான் போட்ட பிரிப்பு:

திட்டம்: 1 தாள்
காகிதமே இல்லாத நாடு: 3 தாள்
பேச்சுக்குப் போனவர்கள்: 5 தாள்
பாரிசில் கிடைத்த ஒப்புதல்: 4 தாள்
மறைந்தவரை நினைத்தபோது: 3 தாள்

"அறிமுகம், வரலாறு, முடிவுரை" என்ற மாதிரியான அத்தியாயப் பெயர்கள் வேண்டாம். அவை எந்தத் தொகுப்புக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. பெயரைப் படித்தாலே அடுத்து என்ன என்று தோன்ற வேண்டும். "பேச்சுக்குப் போனவர்கள்" பகுதிக்கு ஐந்து தாள் கொடுத்திருப்பதும் வேண்டுமென்றேதான். தலைப்பில் தூதர் இருக்கும்போது நடுப்பகுதி கனமாக இருந்தாக வேண்டும். ஆண்டுவிழாத் தபால்தலைகள் எளிதாகக் கிடைப்பதால் பலருடைய தொகுப்பில் கடைசி அத்தியாயம் வீங்கியிருக்கும்.

5. ஒவ்வொரு தூதரையும் விசாரியுங்கள்

ஒருவர் தூதராக இருந்தார் என்பதும், தூதர் என்பதற்காகத் தபால்தலையில் இடம்பெற்றார் என்பதும் வேறு வேறு.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினை எடுங்கள். 1847 ஜூலை 1-இல் வந்த அமெரிக்காவின் முதல் ஐந்து சென்ட் தபால்தலையில் அவர் முகம். உடனே "விடுதலைத் தூதர்" என்று அதை ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தபால்தலையில் தூதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. 1775-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை நியமித்த முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலும், அதாவது அஞ்சல் துறைத் தலைவரும், அவர்தான். அவருடைய தூதர் வேலையைக் காட்ட வேண்டுமானால் 1983 மார்ச் 24-இல் அமெரிக்காவும் ஸ்வீடனும் கூட்டாக வெளியிட்டதைத் தேடுங்கள். 1783 ஏப்ரலில் பாரிசில் ஃபிராங்க்ளினும் ஸ்வீடன் தூதர் குஸ்டாஃப் ஃபிலிப் கிரெய்ட்ஸும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் 200-ஆம் ஆண்டு அது. அமெரிக்க விடுதலையை பிரிட்டன் ஏற்ற பாரிஸ் உடன்படிக்கைக்காக அதே 1983 செப்டம்பர் 2-இல் வந்த தபால்தலையும் இதற்கு நேராகப் பொருந்தும். விலை உயர்ந்த 1847 தலையைவிட இந்த இரண்டு சாதாரணத் தலைகள் உங்கள் கதையை நன்றாகச் சொல்லும். இது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கிறது.

நேர்மாறான நிலையும் உண்டு. ராஜா ராம்மோகன் ராய் 1964-இல் இந்தியத் தபால்தலையில் இடம்பெற்றார். எல்லோரும் அவரைச் சமூகச் சீர்திருத்தவாதி என்று நகர்த்திவிடுகிறார்கள். அவர் பெயருக்கு முன்னால் உள்ள "ராஜா" பட்டம், முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பர் தம் தூதராக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியபோது கொடுத்தது. விடுதலைக்கு நூறாண்டுக்கு முந்தைய தூதுகளைப் பற்றி ஒரு தாள் இருந்தால் அவருக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் அந்தத் தொடர்பை நீங்கள்தான் ஒரு வரியில் எழுத வேண்டும்; தபால்தலை சொல்லாது.

முகமே இல்லாத தபால்தலைகளையும் விடாதீர்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட், காங்கோ விடுதலையை ஒட்டி எழுந்த நெருக்கடியில் போர்நிறுத்தம் பேசப் போகும் வழியில் 1961 செப்டம்பர் 18-இல் விமான விபத்தில் இறந்தார். மறு ஆண்டு ஐ.நா. வெளியிட்ட நினைவுத் தபால்தலைகளில் அரைக்கம்பத்தில் பறக்கும் கொடிதான் இருக்கிறது. உருவப்படத்தை மட்டும் வைத்துத் தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்கா 2006 மே மாதம் ஆறு தூதர்களுக்கு ஒரே தாளில் 39 சென்ட் தபால்தலைகள் வெளியிட்டது: ராபர்ட் மர்ஃபி, ஃபிரான்செஸ் வில்லிஸ், ஹைரம் பிங்கம், ஃபிலிப் ஹபீப், சார்லஸ் போலன், கிளிஃப்டன் வார்ட்டன். பார்த்ததும் ஆறையும் சேர்க்கத் தோன்றும். உங்கள் கேள்வியோடு தொடர்புள்ளவரை மட்டும் சேருங்கள். விடுதலைக்குப் பிந்தைய இலங்கையைப் பற்றிய தொகுப்பு என்றால் ஃபிரான்செஸ் வில்லிஸ் பொருந்துவார், 1960-களின் தொடக்கத்தில் அவர் அங்கே அமெரிக்கத் தூதர். மற்ற ஐவருக்கும் அந்தத் தொகுப்பில் வேலை இல்லை. தனியாகக் கிழித்தெடுக்க மனம் வராவிட்டால் முழுத் தாளையும் வேறு ஸ்டாக் புக்கில் வைத்துவிட்டு ஒற்றை ஒன்று வாங்குங்கள்.

"தூதரக உறவின் 50-ஆம் ஆண்டு" என்று இரு நாடுகள் சேர்ந்து வெளியிடும் தபால்தலைகளும் பெரிய சுழல். பெரும்பாலும் அவற்றில் பறவையோ கோயிலோ நடனமோதான் இருக்கும். ஒரு தொகுப்புக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

6. அரியதை முதலில் வாங்குங்கள்

திட்டத்தை வைத்துத் தேடுபட்டியல் எழுதுங்கள். பிறகு அதைத் தலைகீழாக்குங்கள்: கிடைப்பதற்குக் கடினமானது மேலே, எளிதானது கீழே. மேலிருந்து வாங்குங்கள்.

காரணம் இதுதான். எளிதானவை எப்போதும் கிடைக்கும். கடினமான ஒன்று கிடைக்காவிட்டால் ஓர் அத்தியாயமே மாறும், அப்போது அதற்காக வாங்கிவைத்த எளியவை எல்லாம் வீண். கையில் நாற்பது இருக்கிறதே என்பதற்காகத் திட்டத்தை வளைக்கும் ஆசையும் வரும். எனக்கு வந்தது.

லாட்வியாவின் முதல் தபால்தலையில் ஒரு நுணுக்கம் உண்டு. அப்போது அச்சடிக்கக் காகிதம் இல்லை. ஜெர்மன் ராணுவம் விட்டுப்போன நிலவரைபடங்களின் பின்பக்கத்தில் அச்சிட்டார்கள். சிவப்பு நிற ஐந்து கபெய்க்கா தபால்தலையைத் திருப்பினால் ஒரு சாலையோ, ஆற்று வளைவோ, பாதி ஊர்ப்பெயரோ இருக்கும். எனவே இரண்டு வாங்குங்கள். ஒன்று முகம் தெரிய, இன்னொன்று முதுகு தெரிய. "காகிதமே இல்லாத நாடு" என்ற அத்தியாயத்துக்கு அந்த முதுகைவிட நல்ல சான்று கிடையாது. பின்னால் கோடே இல்லாத பிரதி வந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள், வரைபடத்தின் வெள்ளை ஓரத்தில் விழுந்ததாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். கோடுகள் அடர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

7. காசு கொடுப்பதற்கு முன் மூன்று சோதனை

முதல் சோதனை, மேலச்சு. புது நாடுகள் பல, பழைய ஆட்சியின் தபால்தலை மேல் தம் பெயரை அச்சிட்டு ஆரம்பித்தவை. 1922-இல் அயர்லாந்து பிரிட்டிஷ் தபால்தலைகள் மேல் தன் தற்காலிக அரசின் பெயரை அச்சிட்டது. 1947 அக்டோபர் 1 முதல் பாகிஸ்தான் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலைகள் மேல் அதையே செய்தது. 1957 மார்ச் 6-இல், அதுவரை பிரிட்டிஷ் காலனியாக இருந்த கோல்டு கோஸ்ட்டின் தபால்தலைகள் கானாவின் பெயரைச் சுமந்தன. அடியில் இருக்கும் தபால்தலை மலிவு, மேலே நாலு எழுத்து அடித்தால் விலை ஏறும். போலி செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? லென்ஸை வைத்து எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். முத்திரை குத்திய பிரதி என்றால் மேலச்சு முத்திரை மைக்கு அடியில் இருக்க வேண்டும். முத்திரைக்கு மேலே ஏறியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். விலை அதிகம் என்றால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

இரண்டாவது, "பிழை" என்று விற்கப்படுவது. 1962 அக்டோபரில் அமெரிக்கா வெளியிட்ட நான்கு சென்ட் ஹாமர்ஷோல்ட் தபால்தலையில் மஞ்சள் நிறம் தலைகீழாக அச்சாகிவிட்டது. சிலரிடம் மட்டும் அது சிக்கியது. விலை எகிறும் என்று அவர்கள் கனவு கண்டுகொண்டிருந்தபோது, அஞ்சல் துறையே அந்தப் பிழையை வேண்டுமென்றே கோடிக்கணக்கில் மறுபடி அச்சிட்டு விற்றது. அதனால் இன்றைக்கும் அது சர்வசாதாரணம். ஆனால் "அரிய தலைகீழ் அச்சு" என்ற பெயரில் புதியவர்களிடம் விலைபோய்க்கொண்டேதான் இருக்கிறது. ஒரு பிழையை வாங்கும் முன், அது எத்தனை பிரதி இருக்கிறது என்பதைக் கேட்லாக்கில் பாருங்கள்.

மூன்றாவது, அது உண்மையில் தபால்தலைதானா என்பது. விடுதலை, புதிய நாடு என்ற தலைப்பில் யார் யாரோ வண்ணத் தாள்களை அச்சிட்டுத் தள்ளுகிறார்கள். 2002 ஜனவரி முதல் உலக அஞ்சல் ஒன்றியம் ஒரு பதிவு முறை வைத்திருக்கிறது. அதில் எண் இருந்தால் அந்நாட்டு அஞ்சல் துறை வெளியிட்டதுதான். எண் இல்லை என்பதாலேயே போலி என்று ஆகாது, ஏனென்றால் எல்லா நாடும் அதில் சேர்வதில்லை. அப்போது அந்நாட்டு அஞ்சல் துறையின் சொந்த அறிவிப்பைத் தேடுங்கள்.

இடைப்பட்டவையும் உண்டு. வங்கதேசத்தின் முதல் எட்டுத் தபால்தலைகள் 1971 ஜூலை 29-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, முஜிப்நகர் அரசு எனப்பட்ட தற்காலிக அரசின் பெயரால் வந்தன. பிமன் மல்லிக் வடிவமைத்தார், அச்சானது இங்கிலாந்தில். அந்த நாளில் அந்த நாட்டை யாரும் அங்கீகரித்திருக்கவில்லை. இவற்றைப் "போலி" என்று ஒதுக்குவது பெரிய தவறு. நம் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது: தூதர்கள் போவதற்கு முன்னால் தபால்தலை போயிருக்கிறது.

8. தபால்தலையோடு நிற்காதீர்கள், உறையைத் தேடுங்கள்

வெறும் நினைவுத் தபால்தலைகளால் மட்டும் நிரப்பிய 16 தாள் அலுப்புத் தட்டும். கடிதம் உண்மையில் பயணம் செய்த உறை ஒன்று தாளுக்கு உயிர் கொடுக்கும்.

1947 ஆகஸ்ட் 15 தேதி முத்திரை விழுந்த ஓர் இந்திய உறையை எண்ணிப் பாருங்கள். அன்றைக்குப் புதிய தபால்தலை கிடையாது, எனவே ஒட்டியிருப்பது ஆறாம் ஜார்ஜ் மன்னர். மன்னர் முகத்தின் மேல் விடுதலை நாள் முத்திரை! மூன்றாவது படியில் போட்ட தேதி அட்டவணை முழுதும் அந்த ஓர் உறையில் இருக்கிறது.

முதல் நாள் உறைகளை அளவாகச் சேருங்கள். அவை சேகரிப்பவருக்காகவே செய்தவை, எங்கும் பயணம் போகாதவை. உறை வாங்கும்போது முகவரி, கட்டணம், முத்திரைத் தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அயல்நாட்டு முகவரி இருந்து, ஒட்டிய கட்டணம் உள்நாட்டுக்கு உரியது என்றால் ஏதோ இடிக்கிறது. வாங்கிய உறையிலிருந்து தபால்தலையைப் பிய்த்தெடுக்கவே கூடாது. அது ஒருமுறை பிரிந்தால் பிரிந்ததுதான்.

9. ஊறவைப்பதும் பொருத்துவதும்

உறைத்துண்டில் ஒட்டிய பழைய தபால்தலைகளைக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தானாகப் பிரியும்வரை காத்திருங்கள். இழுக்க வேண்டாம். நிறத் தாள் துண்டுகளைத் தனியாக ஊறவையுங்கள், சாயம் இறங்கினால் கூட இருப்பவை எல்லாம் பாழ். ஊதா மையில் எழுதியிருந்தாலும் அப்படியே.

அண்மைக்காலத்து, நனைக்காமலே ஒட்டும் வகைத் தபால்தலைகள் பல தண்ணீரில் பிரியாது. அவற்றைச் சுற்றி ஓரம் விட்டுத் தாளோடு வெட்டி வைப்பதே நல்லது.

பசை அப்படியே இருக்கும் பயன்படுத்தாத தபால்தலைக்கு மவுண்ட் (தபால்தலையைச் செருகும் பிளாஸ்டிக் பை), முத்திரை விழுந்ததற்கு ஹிஞ்ச் (பசை தடவிய சிறு தாள் துண்டு). பசையில் ஹிஞ்ச் தடம் விழுந்தால் மதிப்புக் குறையும் என்பதால்தான் இந்தப் பாகுபாடு. முதுகு காட்டப்போகும் அந்த லாட்விய வரைபடப் பிரதிக்கு ஹிஞ்ச் போடாதீர்கள், தெளிவான மவுண்ட் போடுங்கள். செலோடேப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். போன மாதம்கூட ஒன்றைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்: வேண்டாம்.

10. தாளில் எழுதுவது

எழுத்து இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று கதையைச் சொல்வது, இன்னொன்று அந்தப் பொருள் என்ன என்று சொல்வது. இரண்டையும் இரண்டு எழுத்தளவில் போடுங்கள், கலக்காதீர்கள்.

புதியவர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்தது இது: "மெயரோவிட்ஸ் லாட்வியாவின் தலைசிறந்த ராஜதந்திரி. அவர் நாட்டுக்காக அரும்பாடுபட்டார்." இந்த இரண்டு வரியையும் எந்த நாட்டு அமைச்சருக்கும் மாற்றி ஒட்டலாம். நாங்கள் இருவரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"1921 ஜனவரி 26, பாரிஸ்: நேச நாடுகள் லாட்வியாவை ஏற்றன. அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் நாடு உலக நாடுகள் சங்கத்தில் உறுப்பினர்."

கீழே சிறிய எழுத்தில்: "1929, மெயரோவிட்ஸ் நினைவு வெளியீடு. கட்டணத்துக்கு மேல் நன்கொடைத் தொகை சேர்ந்தது."

புகழ்ச்சி போய்விட்டது, தகவல் வந்துவிட்டது. ஒரு பொருளுக்கு மூன்று வரிக்கு மேல் போனால், பார்ப்பவர் படிக்காமல் நகர்ந்துவிடுவார். தபால்தலையில் கண்ணுக்குத் தெரிவதைத் திரும்ப எழுதுவதும் வீண்: "இதில் கொடி உள்ளது" என்று சொல்ல வேண்டாம், கொடி தெரிகிறது.

உறையின் பின்பக்க முத்திரையைக் காட்ட நகல் போட்டால், அது மூலத்தைவிட அளவில் கால் பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். உண்மைப் பொருள் எது, நகல் எது என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்கான விதி அது. சான்றிதழ் இருந்தால் தாளின் பின்னால் வைத்து, முன்னால் சிறு குறியிட்டுச் சொல்லுங்கள்.

11. ஒட்டுவதற்கு முந்தைய நாள்

16 தாளையும் நான்குக்கு நான்காகத் தரையில் பரப்புங்கள். சட்டகத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். நாலடி தள்ளி நின்று பாருங்கள். ஒரே ஆண்டுவிழாத் தபால்தலையின் நான்கு விலை வரிசை ஒரு தாள் முழுக்க நிற்கிறதா? ஒன்றை வைத்துவிட்டு மூன்றை எடுங்கள். ஒரு வரிசை முழுதும் உறையே இல்லையா? எட்டாவது படிக்குத் திரும்புங்கள்.

பிறகு தபால்தலை சேகரிக்காத ஒருவரைக் கூப்பிட்டு, திட்டத் தாளை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு, மீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாடு, எந்த ஆண்டு, யார் போய்ப் பேசினார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதற்கு அவர் தடுமாறினால் நடு அத்தியாயத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். என் தாள்கள் முதல் முறை அங்கேதான் தோற்றன. மெயரோவிட்ஸ் கடைசித் தாளில்தான் முதன்முதலாக வந்தார்.

எல்லாம் சரியாக இருந்தால், ஒட்டும் முன் ஒவ்வொரு பொருளையும் இரு பக்கமும் ஸ்கேன் செய்து, கேட்லாக் எண்ணோடு சேமித்து வையுங்கள். மவுண்டுக்குள் போனபின் முதுகைப் பார்க்க மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். தபால்தலையின் ஓரத்துப் பல் உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.